ஓட்டெடுப்பு முடியட்டும்

இங்கிலாந்துப் பாராளுமன்றத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றிக்கூடத் தெரியாது. பச்சை பெஞ்சுகள். எதிரும் புதிருமாக இரண்டு கூட்டம். உயரமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "ஆர்டர், ஆர்டர்" என்று தொண்டை கிழியக் கத்தும் சபாநாயகர். இதை நான் ஆசைப்பட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. துபாயில், அல் கூஸில், ஒரு கண்ணாடிக் கம்பெனியின் மேனேஜர் கேபினில் ஒரு கையெழுத்துக்காகக் கால் கடுக்க நின்றேன். அப்போது அவர் கம்ப்யூட்டரில் ஓடியதைப் பார்த்து வேறு வழியில்லாமல் தெரிந்துகொண்டேன்.

2019 மார்ச் மாதம். ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு விலக வேண்டும் என்று இங்கிலாந்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது. அந்த மாதக் கடைசியில் விலகியாக வேண்டும். எப்படி விலகுவது என்பதில்தான் இழுபறி. பிரதமர் அம்மா கொண்டுவந்த ஒப்பந்தம் வேண்டாம் என்றார்கள். ஒப்பந்தமே இல்லாமல் போகலாமா என்றால் அதுவும் வேண்டாம். சரி, போகாமலே இருந்துவிடலாமா? ஐயையோ, அது ஜனங்களுக்குச் செய்கிற துரோகம். கோட்டு சூட்டு போட்ட அறுநூறு சொச்சம் பேர், எதைக் கொடுத்தாலும் தட்டிவிட்டு அழுகிற பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் மேனேஜர் இங்கிலாந்துக்காரர். நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர். கத்த மாட்டார். 'பிளீஸ்' போடாமல் வேலை சொல்ல மாட்டார். துபாயில் பத்து வருடமாக இருந்துகொண்டு, விலக வேண்டும் என்று தபாலில் ஓட்டுப் போட்டவர். "எங்கள் ஊர் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள், தெரியுமா?" என்று என்னிடமே சொன்னார். நான் தெரியும் என்று தலையாட்டினேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வழியாகத் தெரிந்த யார்டில் நேபாளி, வங்காளி, பட்டாணி, தமிழன் என்று எல்லோரும் இருந்தார்கள். உள்ளூர்க்காரன் ஒருவனைக் காணோம்.

பெரிய கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் மாட்டுகிற கண்ணாடிப் பலகைகளைச் செய்வதுதான் எங்கள் வேலை. நான் பேக்கிங்கில் இருந்தேன். கண்ணாடியை மரக்கூட்டில் நிறுத்தி, அசையாமல் கட்டி, கண்டெய்னரில் ஏற்ற வேண்டும். அந்த வருடம் லண்டனில் ஒரு கட்டடத்துக்கான ஆர்டர் முடிந்து, மரக்கூடுகள் யார்டில் வரிசையாக நின்றன. ஏற்றவிடவில்லை. சுங்கவரி என்ன ஆகுமோ தெரியாது, பாராளுமன்றம் ஒரு முடிவுக்கு வரட்டும், அதுவரை அனுப்பாதே, முடிவு வந்தால் அன்றைக்கே ஏற்று என்று லண்டன்காரர் சொல்லிவிட்டாராம். அதனால் பேக்கிங் ஆட்கள் யாருக்கும் லீவு கிடையாது. காலையில் தார்ப்பாயைத் தூசி தட்டுவோம். மத்தியானம் கயிற்றை இறுக்குவோம். வேலை இல்லை, ஆனால் போகவும் முடியாது.

அப்படி ஒரு நாள்தான் தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணே, அம்மாவுக்கு சீரியஸ்ணே. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரில சேத்துருக்கோம். மூச்சு விட முடியல. மாஸ்க் போட்டுருக்காங்க, பேச முடியாது. நீ ஒண்ணும் கவலப்படாத, லீவு கேட்டு வந்துரு."

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சின் அர்த்தம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போனில் யாரும் சாவைச் சொல்வதில்லை. கடல் தாண்டி ஒண்டியாகக் கிடக்கிறவன், கேட்டவுடன் என்ன ஆவானோ என்ற பயம். அதனால் 'சீரியஸ்' என்பார்கள். மாஸ்க் போட்டிருக்கிறது, தூங்குகிறார்கள், பேச முடியாது, நீ கவலைப்படாமல் வா என்பார்கள். பையன் வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது பந்தல் போட்டிருக்கும். இல்லையென்றால் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் எவனுக்காவது 'சீரியஸ்' என்று போன் வந்தால் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அவனிடம் மட்டும் ஒன்றும் ஆகாது என்று சொல்வோம்.

அடுத்தவன் அம்மாவுக்கு சீரியஸ் என்றால் செத்துவிட்டாள். நம் அம்மாவுக்கு சீரியஸ் என்றால் சீரியஸ்தான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அப்பா இல்லை, எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை. அம்மாவுக்கு நான் ஒரே பையன். உயிர் இருக்கும்போதே போய் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. தங்கச்சியிடமும் தாய்மாமாவிடமும் இருந்தது பட்டன் போன். அவள் புருஷன் லாரியோடு வடக்கே போயிருந்தான். அம்மாவின் முகத்தைப் போனில்கூடப் பார்க்க வழியில்லை.

மேனேஜரிடம் போனேன். பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டியில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே வரும். நான் சொன்னதை எழுந்து நின்று கேட்டார். தன் அம்மாவும் ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பதாகச் சொன்னார். பிறகு உட்கார்ந்து கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"நாளை ஓட்டெடுப்பு முடியட்டும். ஒப்பந்தம் ஜெயித்துவிட்டால் எல்லாம் நிதானமாகிவிடும், உடனே அனுப்புகிறேன்."

ஒப்பந்தம் ஜெயிக்கவில்லை. மண்ணைக் கவ்வியது. மறுநாள் ஒப்பந்தம் இல்லாமல் போவதும் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அதற்கு மறுநாள் தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் முகத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வேன். "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று தவறாமல் கேட்பார். பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் கண் திரைக்குப் போய்விடும். இதற்கு அவர் கேட்காமலே இருந்திருக்கலாம்.

இரண்டு வாரம் போல ஓடியது. தினமும் தங்கச்சிக்குப் போன் போடுவேன். "மாஸ்க் போட்டுருக்குண்ணே. உள்ள விட மாட்டேங்கிறாங்க. தூங்குது. நீ வாண்ணே" என்பாள். மாமாவுக்குப் போட்டால், "நீ மொதல்ல வாப்பா, வந்து பேசிக்கலாம்" என்பார். கடைசியில் மேனேஜரே மனம் இரங்கினார். பேக்கிங்கிலிருந்து ஒரே ஒரு ஆளை விட முடியும் என்றார். ஆனால் லீவு கேட்டு இரண்டு பேர் நின்றோம். நான் ஒருவன். எங்கள் ரூமிலேயே இருந்த இன்னொருவனுக்கு ஏப்ரல் முதல் வாரம் கல்யாணம். பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, முப்பத்துமூன்று வயதில் ஒருவழியாகப் பெண் கிடைத்தவன். பக்கத்துத் தாலுகாக்காரன். அவனுக்கு முன்பே கொடுத்த லீவையும் இந்த மரக்கூடுகளுக்காக நிறுத்திவைத்திருந்தார்கள். ரூமில் அவனுக்குப் பெயரே மாப்பிள்ளை என்று ஆகியிருந்தது.

"நான் எப்படித் தேர்ந்தெடுப்பது? அது நியாயமாக இருக்காது. உங்கள் ரூமிலேயே ஓட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள்" என்றார் மேனேஜர். ஜனநாயகமாம். கையைக் கழுவிக்கொள்வதற்கு இவ்வளவு நல்ல சோப்பு உலகத்தில் வேறு கிடையாது.

எட்டு பேர் ரூம். அந்தப் பாராளுமன்றக் கூத்து எங்களுக்கெல்லாம் அத்துப்படி. யூடியூபில் பார்த்துச் சிரித்துக்கொண்டே சப்பாத்தி உருட்டுவோம். அங்கே கை தூக்க மாட்டார்கள். ஆம் என்பவர்கள் ஒரு பக்கம், இல்லை என்பவர்கள் இன்னொரு பக்கம் எழுந்து நடந்துபோய் எண்ணிக்கை கொடுப்பார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். ஆம் என்றால் வராந்தா, இல்லை என்றால் அடுப்படி. ஒருவன் ஏணிக்கட்டிலின் மேல் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு "ஆர்டர், ஆர்டர்" என்று கத்தினான். என் அம்மாவின் உயிரை வைத்து நடந்த காரியத்தில் நானும் சிரித்தேன் என்பது இப்போது நினைத்தாலும் எரிகிறது.

என்னை அனுப்பலாமா? மாப்பிள்ளையின் ஆட்கள் அடுப்படிக்குப் போனார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பாவம் என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றுக்கு மூன்று. தோற்றது. மாப்பிள்ளையை அனுப்பலாமா? என் ஆட்கள் அடுப்படிக்குப் போனார்கள். தோற்றது. சீட்டுக் குலுக்கிப் போடலாமா? பெற்ற தாயைச் சீட்டில் வைப்பதா என்று நான் குதித்தேன், கல்யாணத்தைச் சீட்டில் வைப்பதா என்று அவன் குதித்தான். அதுவும் தோற்றது. அப்படியென்றால் இரண்டு பேருமே போக வேண்டாமா? அதற்கும் எல்லோரும் அடுப்படிக்கே போனார்கள். நான்கு கேள்விக்கும் இல்லை. அதே சமயத்தில் லண்டனிலும் எட்டு யோசனைகளை வரிசையாக வைத்து, எட்டையும் தோற்கடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். காலையில் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு இதைச் சொன்னபோது, எங்கள் ரூம் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது.

எங்கள் ரூமுக்கு மூத்தவர் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர். மரக்கூடு செய்கிற ஆசாரி. நாங்கள் யாரும் அவர் பேச்சைத் தட்டுவதில்லை. அன்று டியூட்டி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி மொதல்ல போன் பண்ணப்ப என்ன சொன்னுச்சு? அது சொன்ன மாதிரியே சொல்லுப்பா."

சொன்னேன். மாஸ்க், பேச முடியாது, கவலைப்படாதே, வந்துவிடு. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார். பல வருடத்துக்கு முன்னால் அவருடைய அப்பாவுக்கு இதே வார்த்தைகளில்தான் போன் வந்தது. அவர் போய் இறங்கியபோது பால் தெளித்து முடிந்திருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுபடியும் ஓட்டெடுப்பு வைத்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, ஆர்டர் என்று கத்தவில்லை. மாப்பிள்ளையை அனுப்பலாமா என்று அண்ணன் கேட்டார். எல்லோரும் எழுந்து வராந்தாவுக்குப் போனார்கள். நேற்று எனக்காகத் தொண்டை கிழியப் பேசியவனும் போனான். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்களும் போனார்கள். நான் மட்டும் அடுப்படியில், குக்கருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்னண்ணே இது? அங்க எங்கம்மா சாகக் கெடக்குது!"

அண்ணன் வந்து என் தோளில் கை வைத்தார். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. நல்லா இருப்பாங்க. அவன் நாள் குறிச்சாச்சு, போயிட்டு வரட்டும். நீ நிதானமா அடுத்த வாரம் போ."

மாப்பிள்ளை என் முகத்தையே பார்க்கவில்லை. அன்றைக்கே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் ரூமில் எல்லோரும் எனக்கு நல்லவர்கள் ஆனார்கள். என் பனியனை எவனோ துவைத்துப் போட்டிருந்தான். டீ கேட்காமலே வந்தது. நான் உள்ளே நுழைந்தால் பாட்டு நின்றுபோகும். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அத்தனை பேரும் அன்பாக இருந்ததால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு ரூமில் பிரியாணி இல்லாமல் இருந்ததே கிடையாது. உடம்பு சரியில்லை என்றாலும், சம்பளம் தள்ளிப்போனாலும், வெள்ளிக்கிழமை கோழி உண்டு. அந்த வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்தால் சாம்பார். பக்கத்தில் வாழைக்காய்ப் பொரியல். எட்டு பேர் சேர்ந்து பொங்கித் தின்கிற ரூமில், ஒருவன் வீட்டில் சாவு என்றால் கறி எடுக்க மாட்டார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவர்களுக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை.

தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"எப்ப எடுத்தீங்க?"

"என்னத்தண்ணே?"

"அம்மாவ எப்ப எடுத்தீங்க? யாரு கொள்ளி வச்சா?"

அவள் ஓவென்று அழுதாள். "ஏண்ணே இப்புடிப் பேசுற? அம்மா இருக்குண்ணே. காலைல கண்ணத் தொறந்துச்சு. உன்னத்தான் கேட்டுச்சு."

"பேச முடியாதுன்ன. எப்புடிக் கேட்டுச்சு?"

"கையால கேட்டுச்சுண்ணே."

பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் அழுதுகொண்டேதான் சொல்வார்கள். நானே மற்றவர்களின் வீட்டிலிருந்து வந்த போனை ஸ்பீக்கரில் எத்தனை கேட்டிருக்கிறேன். காலையில் கண்ணைத் திறந்தார், உன்னைக் கேட்டார் என்று ஒரு வார்த்தை மாறாமல் இதையேதான் சொல்வார்கள். போனை வைத்துவிட்டேன். மறுபடி மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

கேம்ப்புக்கு எதிரில் பாகிஸ்தான்காரர் ஒருவர் முடி வெட்டும் கடை வைத்திருந்தார். மொட்டை என்று சைகை காட்டியதும் முகம் மலர்ந்து, "உம்ரா?" என்று கேட்டார். மக்காவுக்குப் போய் வந்தவன் என்று நினைத்துவிட்டார். "இல்லை பாய். மா... கலாஸ்" என்றேன். கலாஸ் என்றால் முடிந்தது. அவர் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஏந்தி எனக்குப் புரியாத மொழியில் ஏதோ ஓதினார். மீசையுமா என்று விரலால் காட்டிக் கேட்டார். எல்லாம் என்றேன். அப்பாவுக்கு எடுத்த பிறகு அன்றைக்குத்தான் மீசையை எடுத்தேன்.

ரூமுக்குத் திரும்பியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. புதுக்கோட்டை அண்ணன்தான் என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே அழுதார். "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான்..." என்றார். தகவல் யார் சொன்னது என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? இத்தன வருசமா நாம பாக்காததா?" என்றார். அந்தப் பதில் எனக்கு அப்போது போதுமானதாக இருந்தது.

அதே வெள்ளிக்கிழமை அங்கே ஒப்பந்தம் மூன்றாவது தடவையாகத் தோற்றிருந்தது. சனிக்கிழமை கேபினுக்குள் போனேன். மேனேஜர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, "புது ஸ்டைலா?" என்று சிரித்தார். அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னதும் எழுந்து நின்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், முகம் சிவந்துவிட்டது. தன் கையாலேயே எனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். பிறகு மெதுவாக, மனம் நோகாதபடி சொன்னார்.

"அப்படியென்றால் இப்போது அவசரம் ஒன்றும் இல்லை, அல்லவா? திங்கட்கிழமை இன்னொரு ஓட்டெடுப்பு இருக்கிறது. அது முடியட்டும்."

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரம். துபாயில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது. முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் தனியாக ஒரு ஆப் போட வேண்டும். புதுக்கோட்டை அண்ணன் போனில் அது இருந்தது. அந்த போன் அடித்தது. மாப்பிள்ளை. அண்ணன் எடுத்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, பேய் அறைந்தவர் மாதிரி என்னிடம் நீட்டினார்.

கல்யாணம் வைத்திருப்பவன் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. இவன் மனசு கேட்காமல் துக்கம் விசாரிக்க எங்கள் ஊருக்குப் போயிருக்கிறான். வீடு பூட்டியிருந்திருக்கிறது. டீக்கடையில் கேட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்றிருக்கிறார்கள். நேராகத் தஞ்சாவூருக்குப் போய், பார்வையாளர் நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டான்.

"அண்ணே! அம்மா இருக்காங்கண்ணே! உசுரோட இருக்காங்கண்ணே! இந்தா, பாருங்கண்ணே!"

நான் வாயைத் திறப்பதற்குள், தலையில் ஒரு துண்டைப் போடுவதற்குள், போனை அம்மா பக்கம் திருப்பிவிட்டான்.

கன்னம் ஒட்டிப்போய், வாயின் மேல் மாஸ்க்கோடு கிடந்தாள். கண் மட்டும் அலைந்து என்னைக் கண்டுபிடித்தது. கை மெதுவாக மேலே எழுந்தது. பாதியில் நின்றது. தங்கச்சி தடுக்கத் தடுக்க மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள்.

"ஏன் தம்பி மொட்ட?"

மூச்சு வாங்க வாங்க வந்த குரல். நான் சிரிக்க முயன்றேன். "வேண்டுதல்மா. ஒனக்கு சரியாவணும்னு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் கண்ணை எடுக்காமல் நின்றேன். எடுத்தால் தெரிந்துவிடும் என்று பயம்.

"வேண்டுதலுக்கு மீசைய எதுக்குடா எடுத்த?"

சாமிக்கு முடிதான் கொடுப்போம். மீசையை எடுப்பது பெற்றவர்கள் போனால் மட்டும்தான். அப்பா செத்த அன்று நான் மீசையில்லாமல் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். எனக்குப் பின்னால் புதுக்கோட்டை அண்ணன் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கேபினுக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மதர் இருக்கிறார், சாகவில்லை, இன்றே போக வேண்டும் என்று கத்தினேன். மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார்.

"போன வாரம் இறந்துவிட்டார் என்றீர்களே."

சீரியஸ் என்றால் என்ன அர்த்தம், சாம்பார் வைத்தால் என்ன அர்த்தம் என்று ஒரு இங்கிலாந்துக்காரருக்கு எந்த இங்கிலீஷில் விளக்குவது? லீவுக்காக உறவுக்காரர்களைச் சாகடிக்கிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். செத்தவளை உயிரோடு எழுப்பிக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான். அவர் கோபப்படவில்லை. திரையைக் காட்டினார். அங்கே எவனோ எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லோருமே இப்போது பொய்தான் சொல்கிறார்கள்" என்றார் களைப்பாக. "இன்றைய ஓட்டெடுப்பு முடியட்டும். காலையில் பேசுவோம்."

அன்றைக்கும் வைத்த யோசனை எல்லாவற்றையும் தோற்கடித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் தங்கச்சி போன். இந்தத் தடவை சீரியஸ் என்று சொல்லவில்லை. கவலைப்படாதே என்று சொல்லவில்லை. "அம்மா செத்துப்போச்சுண்ணே" என்றாள். மேனேஜர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். காரியமெல்லாம் முடிந்து நான் துபாய்க்குத் திரும்பி வந்தபோதும் அந்த மரக்கூடுகள் யார்டில் அதே இடத்தில் நின்றன. விலகும் தேதியை அக்டோபருக்குத் தள்ளிவிட்டார்களாம்.

ஊரில் நான் காரிலிருந்து இறங்கியபோது பந்தலில் இருந்தவர்கள் என் தலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடுகாட்டில் நாவிதர் என்னை உட்காரவைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். முறைக்காக, முளைத்தும் முளைக்காததுமாக இருந்த தலையில் கத்தியை ஒருமுறை இழுத்தார். தாய்மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, தங்கச்சி என்னோடு பேசாமலே இருந்தாள். நானாகத்தான் கேட்டேன், போனை வைத்த பிறகு அம்மா ஏதாவது சொன்னதா என்று. அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"'அவன் எனக்குச் செய்ய வேண்டியத செஞ்சு முடிச்சிட்டான்டி. இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கணும்'னு சொன்னுச்சு."

அதற்கப்புறம் மாஸ்க்கை வைக்க விடவே இல்லையாம். நர்ஸ் வைக்க வைக்கக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்ததாம்.